ஆயில்யம் பிற்பகல் 3.36 வரை

"அம்மா, நான் பொறந்தப்ப நீ மணியைப் பாத்தியா, என்னைப் பாத்தியா?"

இப்படிக் கேட்டபோது குழலிக்கு ஏழு வயது. பிறந்த தேதியோடு பிறந்த நேரத்தையும் எழுதிக்கொண்டு வரும்படி பள்ளியில் டீச்சர் சொல்லியிருந்தார். அம்மா தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டே பதில் சொன்னாள்.

"உன்னைத்தான்டி பாத்தேன். மணியை சிஸ்டர் பாத்தாங்க."

அந்தப் பதில் குழலிக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு முப்பத்தேழு வருடங்கள் போதுமானதாகவே இருந்தது.

அவளுடைய முழுப்பெயர் மட்டுவார்குழலி. திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் பக்கத்தில் இருக்கும் அம்மனின் பெயர். சுகப்பிரசவம் ஆனால் சாமிக்கு வாழைத்தாரும் பிள்ளைக்கு அம்மன் பெயரும் என்று அம்மா வேண்டிக்கொண்டாளாம். சாமி தன் பங்கைச் செய்துவிட்டார். படிவங்களில் பெயருக்கு விட்டிருக்கும் கட்டங்கள்தான் ஒத்துழைக்கவில்லை. அதனால் குழலி.

நாற்பத்து நான்கு வயதுக் குழலி இப்போது தில்லைநகரில் 'துல்லியம் பல்நேர ஆய்வகம்' என்ற இடத்தில் வேலை பார்க்கிறாள். பல்நேரம் என்று ஒன்று வந்து ஆறு வருடங்கள் ஆகின்றன. அதற்குள் திருச்சியில் மட்டும் பதினொரு ஆய்வகங்கள். நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தால் போதும், பிறந்த நேரத்தை நிமிடச் சுத்தமாகச் சொல்லிவிடுவார்கள்.

பேத்தியை அழைத்துக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் ஒருநாள் விடாமல் கேட்டார்.

"பல்லுக்கு எப்படிம்மா நேரம் தெரியும்?"

"குழந்தை பொறக்கிற சமயத்துலயே சார், நிரந்தரப் பல்லு உள்ளுக்குள்ள வளர ஆரம்பிச்சிடும். முதல் மூச்சு இழுக்கறப்போ உடம்பு முழுக்க ஒரு தூக்கிவாரிப் போடுமில்ல, அது கடைவாய்ப் பல்லுல அழுத்தமா ஒரு கோடா விழுந்துடும். கடைசி வரைக்கும் அழியாது. அந்தக் கோடு எத்தனை நிமிஷம் பழசுன்னு மெஷின் சொல்லும். இப்போ மணி என்னவோ, அதுல இருந்து அதைக் கழிச்சா நீங்க பொறந்த நேரம்."

"மெஷின் தப்புப் பண்ணாதா?"

"பண்ணாது. கடிகாரம் தப்பா ஓடினாத்தான் உண்டு. அதான் காலையில வந்ததும் எனக்கு முதல் வேலை, மெஷின் கடிகாரத்தைச் சரிபாத்து நோட்டுல கையெழுத்துப் போடறது."

பெரியவர் நிம்மதியாகத் தலையாட்டினார். "எப்படியோ, நான் தப்பிச்சேன். எனக்கு எல்லாமே செட்டுப் பல்லு."

ஆரம்பத்தில் எல்லாம் இப்படித் தமாஷாகத்தான் இருந்தது. பழைய காலத்தில் பிறந்த நேரம் என்பதே ஒரு உத்தேசம்தான். மருத்துவமனைச் சுவரில் தொங்கிய கடிகாரம், ஓடி வந்து பார்த்த அத்தை, 'பால்காரர் வந்த நேரம்' என்று ஒரு ஞாபகம். அதை வைத்துத்தான் கட்டம் போட்டு, பொருத்தம் பார்த்து, கல்யாணம் முடித்திருந்தார்கள். பல் உண்மையைச் சொன்னதும் ஊர் கலகலத்தது. சனி விலகிவிட்டது என்று பாயசம் வைத்துச் சாப்பிட்ட ஒருவருக்குச் சனி இனிமேல்தான் வரப்போகிறது என்று தெரிந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு தம்பதி. பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்று முப்பது வருடம் நம்பிச் சண்டை போட்டவர்கள். பல்நேரப்படி இரண்டே பொருத்தம். "நான் அப்பவே சொல்லல?" என்று அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு குழலிக்கு இன்னும் காதில் இருக்கிறது. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டிவைத்தார்கள். சண்டையும் அதோடு குறைந்துவிட்டதாம்.

எல்லோருக்கும் அப்படிச் சிரிக்க வரவில்லை.

குழலிக்கு ஜாதகத்தில் நம்பிக்கை உண்டு. கோள்கள் அவற்றின் வழியில் போகின்றன, நம் வாழ்க்கையில் அவற்றின் நிழல் விழுகிறது என்றால் விழட்டுமே என்பாள். ஆனால் கோள்களை நடத்துகிறவன் ஒருவன் இருக்கிறான், அவன் இரக்கமில்லாதவன் அல்ல என்பதில் அவளுக்கு இன்னும் பெரிய நம்பிக்கை. இந்த இரண்டும் ஒன்றோடொன்று மோதும் என்று சாருலதா வரும்வரை அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

சாருலதா லால்குடியில் வாழ்க்கைப்பட்டவள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே வந்தவள் நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"நீங்கதானே குழலி?"

"ஆமாம்மா, உட்காருங்க. டெஸ்ட்டா?"

"டெஸ்ட் போன மாசமே இங்க எடுத்தாச்சு. அன்னிக்கு நீங்க மாஸ்க் போட்டிருந்தீங்க, முகம் தெரியல. மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைஞ்சிருச்சு. எதனாலன்னு எல்லாரும் யோசிச்சாங்க. பாத்ரூம்ல சோப்புத் தண்ணின்னு யாருக்கும் தோணல. என் பல்லைப் பாக்கலாம்னு தோணிச்சு. ஆயில்யம்னு வந்துச்சு. ஆயில்யத்துப் பொண்ணு மாமியாருக்கு ஆகாதாமே? இப்போ அம்மா வீட்ல இருக்கேன், குழந்தையோட. ஏழு வருஷக் குடித்தனம்."

குழலி, "மெஷின்ல..." என்று ஆரம்பித்தாள்.

"மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கும் மேடம். நான் திட்ட வரல. அந்தப் பேப்பர்ல கீழ ஒரு கையெழுத்து இருந்துச்சு. அது யாருன்னு ஒருதரம் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவ்வளவுதான். அவள் திரும்பிவிட்டாள். குழலிதான் ஓடிப்போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். சாருலதா குடித்துக்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் உறையில் இருந்த பழைய மருத்துவமனை அட்டை கண்ணில் பட்டது. காவிரிக்கரையில் முன்பு இருந்த தாய்சேய் மருத்துவமனையின் அட்டை. இப்போது அந்தக் கட்டடமே இல்லை. அட்டையில் பிறந்த நேரம் காலை 6.50. பல்நேரம் 6.44. அன்றைக்கு ஆயில்யம் முடிந்தது 6.47-க்கு.

கீழே சாய்வாக ஒரு கையெழுத்து: ரெ. மேரி.

அந்தக் கையெழுத்தைக் குழலி எங்கேயோ பார்த்திருந்தாள். எங்கே என்பது பஸ்ஸில் போகும்போது உறைத்தது. ஓட்டுநர் இல்லாத பஸ், 'சத்திரம், சத்திரம்' என்று என்றைக்கோ பதிவுசெய்த நடத்துநர் குரலில் கூவிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போனதும் பீரோவில் அம்மாவின் பழைய பையைத் தேடி எடுத்தாள். மஞ்சள் பூத்த அட்டை. காவிரிக்கரை மருத்துவமனை. நேரம் பகல் 11.58. நட்சத்திரம் மகம் என்று அப்பா பென்சிலால் பக்கத்தில் எழுதியிருந்தார். கீழே ரெ. மேரி.

மறுநாள் மதியம் ஆய்வகம் சாப்பாட்டுக்கு மூடியிருந்தபோது அவளே நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். ஆறு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேருக்குப் பார்த்தவள் தனக்குப் பார்த்துக்கொண்டதில்லை. திரை 11.47 என்றது. அன்றைக்கு ஆயில்யம் பகல் 11.52 வரை. பிறகுதான் மகம்.

சான்றிதழுக்கு முத்திரை போடாமல் அதை அழித்துவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கல்யாணமாகி இருபது வருடம். மாமியார் அன்னலட்சுமிக்கு எண்பத்தொரு வயது. சர்க்கரைகூடக் கிடையாது. "என் மருமக மகம்! அவ வந்த ராசிதான் நான் இப்படி இருக்கேன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

*

விசாரித்துப் போனபோது ரெஜினா மேரி சிஸ்டர் பாலக்கரையில் மாதா கோவிலுக்குப் பின்னால் இருந்த ஒரு சின்ன வீட்டில் இருந்தார். எழுபத்திரண்டு வயது. பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். குழலி இரண்டு அட்டைகளையும், தன்னுடையதையும் சாருலதாவிடம் வாங்கி வந்ததையும், முன்னால் வைத்தாள்.

"இது உங்க கையெழுத்துதானே சிஸ்டர்?"

"ஆமா. கோழி கிளறுன மாதிரி இருக்குன்னு டாக்டரம்மா திட்டுவாங்க."

"ரெண்டுலயும் நேரம் கொஞ்சம் தள்ளி இருக்கு."

"அப்படியா?" சிஸ்டர் ஒரு பூண்டுப் பல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எங்க வார்டு கடிகாரம் கொஞ்சம் வேகமா ஓடும்மா. பேட்டரி சரியில்ல."

"எங்க லேப்ல பழைய பதிவுகளை உங்க ஆஸ்பத்திரி அட்டைங்களோட ஒப்பிட்டுப் பாத்தேன் சிஸ்டர். பையன் பொறந்தா அந்தக் கடிகாரம் கரெக்டா ஓடியிருக்கு."

"பசங்க பொறந்தா எல்லாரும் கடிகாரத்தை உத்துப் பாப்பாங்க. அதுக்குப் பயந்துகிட்டு ஓடியிருக்கும்."

"பொம்பளைப் பிள்ளைலயும் எல்லாருக்கும் இல்ல. ஆயில்யம் முடியப் போறப்போ மட்டும். சில சமயம் விசாகம், கொழுந்தனுக்கு ஆகாதும்பாங்களே, அது."

"கடிகாரத்துக்கு என்னம்மா தெரியும் ஆயில்யம், விசாகமெல்லாம்?"

"கடிகாரத்துக்குக் கீழ தினசரி காலண்டர் மாட்டியிருந்ததா எங்கம்மா சொல்லியிருக்காங்க. நட்சத்திரம் எத்தனை மணி வரைக்கும்னு அதுல போட்டிருக்கும்."

சிஸ்டர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் ஒரு குறும்பு ஓடி மறைந்தது. "நான் கிறிஸ்தவச்சிம்மா. எனக்கு எதுக்கு நட்சத்திரம்? எங்களுக்கு ஒரே ஒரு நட்சத்திரம், அது பெத்லகேமுக்கு வழி காட்டிட்டுப் போயிருச்சு." பிறகு பூண்டுத் தோலை முறத்தில் ஒதுக்கிக்கொண்டே, யாருக்கோ சொல்வதுபோல, "நடு ஆயில்யத்துல பொறந்த பிள்ளைக்குத்தான் அந்தக் கடிகாரத்தால ஒண்ணும் பண்ண முடியல. அதுங்களுக்கு நான் ஜெபம்தான் பண்ணேன்" என்றார்.

மலைக்கோட்டை மணி கேட்டது.

"அது பொய்யில்லையா சிஸ்டர்?" குழலி மெதுவாகத்தான் கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது.

"எது? கடிகாரம் வேகமா ஓடினதா?" சிஸ்டர் மணிச்சத்தம் வந்த பக்கம் கையைக் காட்டினார். "உங்க சாமி ஒருத்தர் அங்க இருக்காரே, அவரு எங்க டிபார்ட்மென்ட் ஆளு. பிள்ளைப்பேறு பாத்தவரு. காவேரியில வெள்ளம், வலி எடுத்துக் கிடந்த ஒரு பொண்ணோட அம்மாவால ஆத்தைத் தாண்ட முடியல. இவரு அம்மா மாதிரியே வேஷம் போட்டுகிட்டு வந்து கூட இருந்து பாத்தாரு. வாசல்ல யாராச்சும் அவர்கிட்ட, நீ அவ அம்மாதானா, அடையாள அட்டை காட்டுன்னு கேட்டாங்களா?"

குழலி சிரித்துவிட்டாள். சிரித்ததில் கண்ணில் நீர் வந்தது. "சிஸ்டர், உங்களுக்கு நான் எப்படி நன்றி..."

"எனக்கு எதுக்கு? நன்றி வாங்கினா நான் ஏதோ பண்ணினேன்னு ஆயிடும். பென்ஷன் வாங்கறவம்மா நான். சொல்லணும்னா அந்தக் கடிகாரத்துக்குச் சொல்லிக்க."

"அது இப்ப எங்க இருக்கு?"

"ஆஸ்பத்திரியை இடிச்சப்போ யாரோ கொண்டு போயிட்டாங்க. எங்கேயாச்சும் ஓடிகிட்டிருக்கும். வேகமாத்தான்." கிளம்பும்போது ஒரு கை உரித்த பூண்டைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "மாமியாருக்குப் பூண்டுக் குழம்பு வச்சுக் குடு. முட்டிக்கு நல்லது."

*

அதற்கு மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, தினேஷ் பாபு குடும்பத்தோடு வந்தார். அறுபது வயது. சட்டைப் பையில் விபூதிப் பொட்டலம், கையில் முறுக்குப் பொட்டலம். மனைவி கிருத்திகா ஊன்றுகோலோடு வந்தாலும் அதை ஊன்றாமல் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார். பின்னால் மகன் துருவன், அவனுக்குப் பக்கத்தில் இருபத்தேழு வயதுப் பெண். அவள் ஹாசினி.

"இந்தப் பொண்ணுக்குத்தான் மேடம் பாக்கணும்" என்றார் தினேஷ் பாபு. "ஆஸ்பத்திரி அட்டையில 3.40-ன்னு இருக்கு. அப்படின்னா மகம். ஆனா அன்னிக்கு ஆயில்யம் பிற்பகல் 3.36 வரை. நாலே நிமிஷம். எங்க ஜோசியர் இதைச் சொன்னதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல."

"எனக்கு நல்லாத் தூக்கம் வருது" என்றார் கிருத்திகா. "இவர் புரண்டு புரண்டு படுக்கறதாலதான் முழிக்கிறேன்."

"நீ சும்மா இரு கிருத்தி."

"நான் எதுக்குங்க சும்மா இருக்கணும்? மேடம், எனக்கு ரெண்டு முட்டியும் ஆபரேஷன். நடக்கச் சொல்லிக் குடுக்க இந்தப் பொண்ணுதான் தினம் வீட்டுக்கு வந்தா. ஆறு மாசம். கட்டில்ல இருந்து வாசப்படி வரைக்கும் முதல்முதலா நடந்த அன்னிக்கு, என்னைவிட இவ ஜாஸ்தி அழுதா. இவன் ஆபீஸ் போகாம வீட்டுல இருந்தே வேலை பாக்கறேன்னு ஏன் சொல்றான்னு எனக்கு அப்பவே தெரியும்."

துருவன் காது சிவந்துபோய்ச் சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் படித்தான்.

குழலி ஹாசினியின் அட்டையை வாங்கினாள். கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கோழி கிளறியதுபோல: ரெ. மேரி.

உள் அறையில் ஹாசினி நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். கதவை மூடியதும் அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கழன்று விழுந்தது.

"அக்கா, ஆயில்யம்னு வந்தா மாத்த முடியாதுல்ல?"

"ஒரு ஆளுக்கு ஒரு சான்றுதான்மா. அடுத்த லேப்ல போய் எடுக்க முடியாது."

"துருவன் எதுவா இருந்தாலும் கல்யாணம் பண்ணிக்கலாம்கறாரு. ஆயில்யம்னா நானே வேண்டாம்னு சொல்லிடுவேன். அவருக்கு இன்னும் தெரியாது."

"ஏம்மா?"

"அத்தைக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட மாமா என்னைப் பாப்பாரு. திட்டமாட்டாரு அக்கா, ரொம்ப நல்லவரு. பாப்பாரு, அவ்வளவுதான். அதுக்கப்புறம் அத்தை கையைப் பிடிச்சு நடக்கவைக்க எனக்குத் தைரியம் வருமா?"

குழலி விளக்கைத் திருப்பினாள். "வாயைத் திறங்க" என்றாள்.

மூன்று நிமிடத்தில் முடிந்தது. ஹாசினியை வெளியே அனுப்பிவிட்டுத் திரையைப் பார்த்தாள். அந்தக் கோட்டின் வயது நிமிடக் கணக்கில் ஓடிக்கொண்டே இருந்தது. முத்திரைப் பொத்தானை அழுத்தும் நொடியில், மெஷின் தன் கடிகாரத்திலிருந்து அந்த வயதைக் கழித்துச் சான்றிதழில் அடித்துவிடும். அதற்கு முன்பே மூலையில் உத்தேசக் கணக்கு சின்ன எழுத்தில் தெரியும். பிற்பகல் 3.31. ஆயில்யம்.

சிஸ்டரின் கடிகாரம் அன்றைக்கு ஒன்பது நிமிடம் வேகமாக ஓடியிருக்கிறது.

உண்மையைச் சொல்லியே இதைத் தீர்க்க ஒரு வழி இருக்கிறதா என்று குழலி முதலில் பார்க்க விரும்பினாள். வெளியே வந்து, "மெஷினுக்குக் கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள். அதுவும் உண்மைதான். தினேஷ் பாபு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார், எனக்குத் தெரிஞ்ச ஆயில்யப் பொண்ணு ஒருத்தி இருக்கா. கல்யாணமாகி இருபது வருஷம். மாமியாருக்கு எண்பத்தொரு வயசு. முறுக்கு கடிக்கிறாங்க."

"சொந்தப் பல்லா?"

"சொந்தப் பல்லு."

தினேஷ் பாபு தன் கையிலிருந்த முறுக்கை மரியாதையோடு பார்த்தார். "அப்படின்னா அந்தம்மா ஜாதகத்துல ஆயுள் ஸ்தானம் பலமா இருக்கும் மேடம். கிருத்திக்கு அது கொஞ்சம் பலவீனம்."

"யார் சொன்னது, ஜோசியரா?"

"ஆபரேஷன் அன்னிக்கு நான் பாத்தேன்." அவர் குரல் இறங்கியது. "நாலு மணி நேரம் சார்... ஸாரி, மேடம். நாலு மணி நேரம் கதவுக்கு வெளிய நின்னேன். நடுவுல ஒரு நர்ஸ் வெளிய ஓடிவந்து இன்னும் ரத்தம் வேணும்னாங்க. அன்னிக்கே நான் பாதி செத்துட்டேன். ஹாசினி தங்கம். எனக்கே ஒரு மக இருந்தா இப்படி இருக்கமாட்டா. ஆனா பயம் யார் பேச்சைக் கேக்குது? அந்தப் பேப்பர்ல மகம்னு ஒரு வார்த்தை இருந்தா என் மனசு அடங்கிடும். நானே பத்திரிகை அடிக்கக் குடுத்துடுவேன்."

"ஆயில்யம்னு இருந்தா?"

அவர் கை சட்டைப் பையில் இருந்த விபூதிப் பொட்டலத்தைத் தொட்டது. எதிரே கிருத்திகா எழுந்து நடந்து காட்டிக்கொண்டிருந்தார். ஹாசினி இரண்டு அடி தள்ளி, பிடிக்காமல், ஆனால் எந்த நிமிடமும் பிடிக்கத் தயாராகக் கைகளை வைத்துக்கொண்டு கூடவே நடந்தாள். "குதிகாலை முதல்ல வைங்க அத்தை. ஆங், அப்படி." தினேஷ் பாபு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் பிரியமும் பயமும் ஒன்றாக இருந்தன. எது எதைத் தின்னப்போகிறது என்பது ஒரு தாளைப் பொறுத்து இருந்தது.

நல்ல மனிதர். இவரிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது. அப்படியே ஜெயித்தாலும் அந்தப் பயம் சாகாது. ராத்திரி கிருத்திகா இருமும்போது எழுந்து உட்கார்ந்துகொள்ளும்.

குழலிக்குச் சாருலதா ஞாபகம் வந்தாள். வாராவாரம் போனில் பேசுகிறார்கள். அவள் இன்னும் லால்குடிக்குப் போகவில்லை. மாமியாருக்குத் தலைவாரிவிட ஆள் இல்லையாம். அதைச் சொல்லும்போது சாருலதாவின் குரல் இடறியது. அந்தத் தாளில் எல்லாம் துல்லியமாக இருந்தது. கீழே தன் கையெழுத்தும் துல்லியமாக இருந்தது.

"பாத்துட்டு வர்றேன் சார்" என்று எழுந்தாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அறையில் யாரும் இல்லை. சின்னதாகச் சுவரில் தாயுமானவர் படம் ஒன்று, முதலாளி மாட்டியது. குழலி அதன் முன்னால் கொஞ்சம் நின்றாள். கண்ணை மூடிக் கும்பிட்டாள். 'இது தப்பென்றால் கணக்கை என் பெயரில் வைத்துக்கொள், அந்தப் பெண் பெயரில் வைக்காதே' என்று மட்டும் வேண்டிக்கொண்டாள்.

நீ மணியைப் பாத்தியா, என்னைப் பாத்தியா?

அம்மா அவளைத்தான் பார்த்தாள். மணியை சிஸ்டர் பார்த்தார் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இல்லை. அந்த வார்டில், நனைந்த உள்ளங்கையளவு ஒரு பெண் குழந்தையையும், சுவரில் இருந்த காலண்டரையும், பிறகு இருபத்து நான்கு வருடம் கழித்து அது போய்ச் சேரப்போகும் ஏதோ ஒரு வீட்டு வாசலையும் ஒருவர் ஒரே பார்வையில் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து எழுதியிருக்கிறார். அடுத்த கட்டிலில் வலி எடுத்தவள் கத்தியிருப்பாள், அங்கே ஓடியிருப்பார்.

மெஷின் கடிகாரம் 11.14 காட்டியது. காலையில் அவளே சரிபார்த்தது. பக்கவாட்டில் இருந்த சின்ன மூடியைத் திறந்து, முள்ளை நகர்த்துவதுபோல விரலால் எண்களை நகர்த்தினாள். பதினைந்து, பதினாறு, பதினேழு. இருபத்து மூன்றில் நிறுத்தினாள். முத்திரைப் பொத்தானை அழுத்தினாள்.

தாள் வெதுவெதுப்பாக வெளியே வந்தது. பிற்பகல் 3.40. மகம்.

கடிகாரத்தைப் பழையபடி திருப்பிவைத்தபோது மணி 11.15. தாளின் கீழே கையெழுத்துப் போட்டு, கதவை ஒருக்களித்து, வாசலில் நின்றிருந்த துருவனிடம் நீட்டினாள். கதவை மறுபடி சாத்திக்கொண்டாள். வெளியே தாள் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு தினேஷ் பாபுவின் குரல் உடைந்து, "கிருத்தி, மகம்டி!" என்றது. "அதான் தெரியுமே, முறுக்கைக் குடுங்க" என்றது கிருத்திகாவின் குரல். ஹாசினி சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்த ஒரு சத்தம்.

குழலி மேசையில் இருந்த கடிகார நோட்டை எடுத்தாள். ஆறு வருடமாக யாரும் புரட்டிப் பார்க்காத நோட்டு. 'குறைபாடு' என்ற கட்டத்தில் ஆயிரத்து எண்ணூறு தடவைக்கு மேல் 'இல்லை' என்று அவள் கையெழுத்தில் இருந்தது. இன்றைய தேதிக்கு நேராகக் காலையில் எழுதிய 'இல்லை'யை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு எழுதினாள்:

கடிகாரம் ஒன்பது நிமிடம் வேகமாக ஓடியது. சரிசெய்யப்பட்டது.

பக்கத்தில் சுருக்கமில்லாமல் மட்டுவார்குழலி என்று முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டாள். கட்டத்துக்குள் அடங்காமல் அது ஓரத்துக்கு ஓடியது. நோட்டை மூடி, அதற்குரிய இழுப்பறையில் வைத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட மணியை அடித்தாள்.